சிப்பாய் அதிகாரியான வரலாறு



ஆசிரியனாகப் பணியாற்றிய காலத்தில் வகுப்பறையில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள் எத்தனையோ. அவற்றுள் பெரும்பாலானவற்றை மறந்துவிட்டேன். ஒரு கேள்வியை மட்டும் மறக்க இயலவில்லை. காரணம், அதற்கு நான் கூறிய விடை தவறானது.

பத்தாம் வகுப்பில் வரலாற்றுப் பாடம் நடந்துகொண்டிருந்தது. உழவர் குடும்பத்துப் பிள்ளை ஒருவன் எழுந்து நின்று, "ஐயா, பட்டாளத்தில் சிப்பாயாகச் சேருகிறவன் எதுவரை உயரலாம்? அதிகாரியாக முடியுமா?" என்று கேட்டான். பாடத்தை முடிக்க வேண்டும் என்ற அவசரம் எனக்கு. "சுபேதார் வரை போகலாம், தம்பி. அதிகாரியாக வேண்டுமானால் வேறு வழியாகத்தான் சேரவேண்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பகுதிக்குச் சென்றேன். அவனும் அமர்ந்துவிட்டான். நான் கூறியது எவ்வளவு பெரிய பிழை என்பதைப் பல ஆண்டுகளுக்குப் பின் எனக்கு உணர்த்தியவனும் அவனே. அதை இறுதியில் கூறுகிறேன். அன்று நான் அளித்திருக்கவேண்டிய விடையை இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

முதலில் பட்டாளத்தின் படிமுறையைச் சிறிது அறிந்துகொள்வோம். அடியில் இருப்பவன் சிப்பாய். அவனுக்குமேல் நாயக், அதற்குமேல் ஹவில்தார். வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் அதற்கும் மேலே ஜமேதார், சுபேதார், சுபேதார் மேஜர் என்ற பதவிகள் இருந்தன. இவற்றுக்கெல்லாம் மேலே லெப்டினண்ட் முதல் ஜெனரல் வரையிலான கமிஷன் பெற்ற அதிகாரிகள் இருந்தனர். சுபேதார் மேஜருக்கும் லெப்டினண்டுக்கும் இடையே ஒரே ஒரு படிதான் உள்ளது போலத் தோன்றும். ஆனால் அந்த ஒரு படியைத் தாண்ட இந்தியச் சிப்பாய்க்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு தேவைப்பட்டது. அந்தக் கதையே இன்றைய பேச்சின் பொருள்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் தொடக்க காலத்தில் நிலைமை அத்துணை இறுக்கமாக இல்லை. இதற்குச் சான்று நம் பாண்டி நாட்டிலேயே உண்டு. இராமநாதபுரச் சீமையிலுள்ள பனையூரில் பிறந்தவராகக் கூறப்படும் யூசுப் கான், 1750-களில் கம்பெனிப் படையில் சேர்ந்தார். திருச்சிராப்பள்ளிப் போர்களில் அவர் காட்டிய திறமையைக் கண்டு கம்பெனியார் அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்தனர். பின்னர்ச் சிப்பாய்ப் படைகள் அனைத்துக்கும் அவரையே தலைவராக்கினர். மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் ஆட்சியும் அவர் கைக்கு வந்தது. பாளையக்காரரை ஒடுக்க அவர் கம்பெனிக்குத் துணைநின்றதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. பிறகு கம்பெனியையும் ஆர்க்காட்டு நவாபையும் எதிர்த்து நின்று, 1764-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள் மதுரையில் தூக்கிலிடப்பட்டார். அவருடைய முடிவு எதுவாயினும் ஒன்று தெளிவு. ஓர் இந்திய வீரனுக்குப் பெரும்படையை நடத்தும் ஆற்றல் உண்டா என்ற கேள்விக்கு 18-ஆம் நூற்றாண்டிலேயே விடை கிடைத்துவிட்டது.

அதன்பின் வாயில் மெல்ல மெல்ல அடைபட்டது. கம்பெனியின் படைகள் 1796-ஆம் ஆண்டில் திருத்தியமைக்கப்பட்டன. பட்டாளம் ஒவ்வொன்றிலும் ஐரோப்பிய அதிகாரிகளின் தொகை பெருகியது. அவர்கள் பெருகப் பெருக, சுபேதாரின் கையிலிருந்த பொறுப்புகள் சுருங்கின. இங்கிலாந்திலிருந்து நேற்று வந்திறங்கிய, மீசை முளைக்காத இளைஞனுக்கு, நாற்பதாண்டுப் போர் அனுபவம் உடைய சுபேதார் கீழ்ப்படிய வேண்டும் என்பது நியதியாயிற்று.

மேலும், சுபேதார் பதவியும் எளிதில் கிட்டவில்லை. கம்பெனிப் படைகளில், சிறப்பாக வங்காளப் படையில், திறமையை நோக்காது பணிமூப்பையே நோக்கிப் பதவி உயர்வு தந்தனர். சீதாராம் என்ற வடநாட்டுச் சிப்பாயின் பெயரால் வழங்கும் தன்வரலாற்று நூல் ஒன்று உண்டு. அது முழுவதும் அவரே கூறியதுதானா என்பதில் ஆராய்ச்சியாளரிடையே கருத்து வேற்றுமை இருப்பினும், அந்நூல் காட்டும் காலக்கணக்கு அக்காலத்து நடைமுறைக்கு மாறானதன்று. அந்நூலின்படி அவர் பட்டாளத்தில் சேர்ந்தது 1812-இல். பணியின் இறுதிக் கட்டத்தை எட்டிய பின்னரே அவர் சுபேதாரானார். ஓடி ஆடி உழைக்க வேண்டிய வயதில் பதவி இல்லை. பதவி வந்த வயதில் ஓடி ஆட உடலில் வலிவில்லை. எத்தனை சிப்பாய்களின் வாழ்க்கை இவ்வாறு கழிந்திருக்கும்!

1857-ஆம் ஆண்டுப் பெரும் புரட்சிக்குப்பின் ஆட்சி கம்பெனியிடமிருந்து விக்டோரியா மகாராணியிடம் சென்றது. 1858-இல் மகாராணியின் பெயரால் வந்த பிரகடனம், குலமோ சமயமோ பாராது தகுதியுடையோர்க்கெல்லாம் அரசுப் பதவிகள் திறந்திருக்கும் என்று உறுதி கூறிற்று. எனினும் பட்டாளத்தின் அதிகாரிப் பதவிகளைப் பொறுத்தவரை அந்த உறுதி ஏட்டளவிலேயே நின்றது. இதற்குக் கூறப்பட்ட காரணங்கள் பல. மெய்யான காரணம் ஒன்றே. ஓர் இந்தியர் இடும் கட்டளைக்கு ஓர் ஆங்கிலேயர் கீழ்ப்படிவதை அக்கால ஆட்சியாளர் எண்ணிப் பார்க்கவும் ஒருப்படவில்லை.

இதை நன்கு விளங்கிக்கொள்ள, அதே காலத்தில் இங்கிலாந்தில் நடந்த ஒன்றை ஒப்பிட்டுப் பார்ப்போம். வில்லியம் ராபர்ட்ஸன் என்பவர் கிராமத்துத் தையற்காரர் ஒருவருடைய மகன். 1877-இல் குதிரைப்படையில் சாதாரண வீரராகச் சேர்ந்தார். பதினோராண்டுகளுக்குப் பின், 1888-இல், அதிகாரியானார். நம் நாட்டில் பணியாற்ற வந்தபோது உருது, ஹிந்தி, பாரசீகம், புஷ்டு முதலிய மொழிகளைக் கற்றுத் தேர்ந்தார். அந்தப் படிப்பே அவரை மேலும் உயர்த்தியது. முதல் உலகப்போரின்போது ஆங்கிலேயச் சேனை முழுவதற்கும் தலைமை அதிகாரியாக விளங்கிய அவர், 1920-இல் பீல்டு மார்ஷல் ஆனார். ஆங்கிலேயச் சேனையின் அடிமட்டத்தில் சேர்ந்து அதன் உச்சிவரை ஏறியவர் அவர் ஒருவரே. ஆங்கிலேயரிடத்தும் அத்தகைய உயர்வு அரிது என்பது உண்மையே. ஆயினும் ஏழைத் தையற்காரரின் மகனுக்கு வழி குறுகலாகவேனும் இருந்தது. அதே இந்திய மண்ணில், அதே ஆண்டுகளில், அவருக்கு அருகிலேயே காவல்நின்ற இந்தியச் சிப்பாய்க்கு அந்தக் குறுகிய வழியும் இல்லை.

இந்நிலையில் கர்ஸன் பிரபு 1901-இல் இராஜகுமாரர்களுக்கும் பெருங்குடி மக்களுக்கும் என ஒரு பயிற்சிப் படையைத் தோற்றுவித்தார். அதில் தேறியவர்க்குக் கமிஷன் கிடைத்தது. ஆனால் ஆங்கிலேய வீரர்மீது கட்டளையிடும் உரிமை அந்தக் கமிஷனில் அடங்கவில்லை. மேலும், வாயில் சிறிதளவு திறந்தபோதும் அரண்மனைப் பிள்ளைக்கே திறந்தது என்பதைக் கவனியுங்கள். களத்தில் குருதி சிந்திய சிப்பாய் வெளியிலேயே நின்றான்.

முதல் உலகப்போர் 1914-இல் மூண்டது. பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர் கடல் கடந்து சென்றனர். 1914 அக்டோபர் 31-ஆம் நாள் பெல்ஜியத்தில், ஹொலெபெக் என்னும் ஊரருகே, குதாதாத் கான் என்ற சிப்பாய் ஓர் இயந்திரத் துப்பாக்கியின் அருகே நின்று போரிட்டார். உடனிருந்தோர் அனைவரும் மாண்டனர், தாமும் காயமுற்றார், ஆயினும் துப்பாக்கியை விட்டு அகலவில்லை. விக்டோரியா சிலுவை பெற்ற முதல் இந்தியச் சிப்பாய் அவரே. வீரத்துக்கு உரிய மிக உயர்ந்த விருது அவருக்குக் கிடைத்தது. பதவியோ? அவர் சுபேதாராகவே ஓய்வு பெற்றார். மார்பில் அணியும் பதக்கத்துக்கு நிறபேதம் இல்லை. தோளில் அணியும் நட்சத்திரத்துக்கு உண்டு என்பதே அன்றைய நீதி.

போரின் நெருக்கடியால் 1917-இல் ஆட்சியாளர் ஒருபடி இறங்கி வந்தனர். மன்னரின் கமிஷன் இந்தியர்க்கும் வழங்கப்படும் என அறிவித்தனர். இங்கிலாந்திலுள்ள சாண்ட்ஹர்ஸ்ட் இராணுவக் கல்லூரியில் ஆண்டுக்குப் பத்து இடங்கள் இந்தியர்க்கு ஒதுக்கப்பட்டன. இந்தூரிலும் சிலகாலம் ஒரு பயிற்சிக் கல்லூரி நடந்தது. அங்குப் பயின்றவரே, 1949 ஜனவரி 15-ஆம் நாள் இந்தியச் சேனையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதியாகப் பொறுப்பேற்ற கரியப்பா. ஆனால் சாண்ட்ஹர்ஸ்டுக்குச் செல்லக் கப்பற் செலவு வேண்டும், கல்விச் செலவு வேண்டும், நல்ல ஆங்கிலப் புலமை வேண்டும். சிப்பாய்க்கு இவை எட்டாக் கனிகள். போரில் உழைத்த முதிய சுபேதார்கள் சிலருக்குக் கௌரவக் கமிஷன் வழங்கினர்; அது நன்றிக்கு அடையாளமே அன்றி, மேலும் ஏறுவதற்குப் படி அன்று.

இவ்விடத்தில் நம் தமிழ்நாட்டுப் பெரியார் ஒருவரை நினைவுகூர வேண்டும். பி. எஸ். சிவசாமி ஐயர் சிறந்த வழக்கறிஞர், கல்விக்கு வாரி வழங்கிய வள்ளல். திருக்காட்டுப்பள்ளியில் அவர் பெயர்தாங்கிய பள்ளி இன்றும் உள்ளது. போர்க்களத்தையே காணாத அவர், இந்தியச் சேனையின் அமைப்பைத் துருவித் துருவி ஆராய்ந்தார். தன்னைக் காத்துக்கொள்ளத் தன் மக்களில் தளபதிகள் இல்லாத நாடு தன்னாட்சியைக் கேட்பது எங்ஙனம் என்பது அவருடைய கவலை. 1921-ஆம் ஆண்டில் மத்திய சட்டசபையில் சேனை பற்றிய தீர்மானங்களை அவர் கொண்டுவந்தார். மன்னரின் கமிஷன்களில் தொடக்கத்திலேயே நூற்றுக்கு 25-ஆவது இந்தியர்க்கு வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. பத்தாண்டுகளுக்குப் பின் இந்தியாவிலேயே இராணுவக் கல்லூரி அமைப்பதற்காகக் கூடிய குழுவிலும் அவர் உறுப்பினராக இருந்தார்.

அரசினரோ அடியெடுத்து வைக்கவும் அஞ்சினர். 1923-இல் எட்டுப் பட்டாளங்களைப் பிரித்து, இந்திய அதிகாரிகள் அவற்றில் மட்டுமே சேரலாம் என்றனர். இந்தியருக்குக் கீழே ஆங்கிலேயர் பணிபுரியும் நிலை நேராமல் காப்பதற்கே இந்த ஏற்பாடு. 1925-இல் ஸ்கீன் என்ற தளபதியின் தலைமையில் ஒரு குழு அமைந்தது. மோதிலால் நேருவும் ஜின்னாவும் அதில் இடம்பெற்றனர். இந்தியாவிலேயே ஓர் இராணுவக் கல்லூரி வேண்டும் என்ற கருத்து அக்குழுவால் வலுப்பெற்றது.

இதற்கிடையே, 1929-இல், மத்திய இந்தியாவிலுள்ள நௌகாங் என்ற இடத்தில் கிச்சனர் கல்லூரி தோன்றியது. செய்தித்தாள்கள் பெரிதாகப் பேசாத நிறுவனம் அது. ஆயினும் நம் கதையில் அதற்குத் தனியிடம் உண்டு. பட்டாளத்தில் பணிபுரியும் வீரருள் அறிவும் ஊக்கமும் உடையோரைத் தேர்ந்தெடுத்து, அதிகாரிப் பயிற்சிக்கு உரியவராக்குவதே அதன் நோக்கம். சிப்பாயைத் தடுத்து நின்ற சுவர் இரண்டு. ஒன்று நிறம், மற்றொன்று கல்வி. முதற்சுவரை அரசியல் கிளர்ச்சி இடித்தது. இரண்டாம் சுவரை இடிக்கப் பள்ளிக்கூடமே வேண்டியிருந்தது.

1932-ஆம் ஆண்டு அக்டோபரில் டேராடூனில் இந்திய இராணுவக் கல்லூரி தொடங்கியது. அவ்வாண்டு டிசம்பர் 10-ஆம் நாள் தலைமைத் தளபதி செட்வுட் அதனை முறைப்படி திறந்துவைத்தார். அரையாண்டுக்கு 40 மாணவர். அவர்களுள் 15 பேர் பொதுப் போட்டித் தேர்வின் வழியே வந்தனர். 10 பேர் சுதேச சமஸ்தானப் படைகளைச் சேர்ந்தவர். மீதமுள்ள 15 இடங்கள், பட்டாளத்தில் ஏற்கெனவே பணிபுரிந்துவந்த வீரர்க்கு ஒதுக்கப்பட்டன. ஒன்றரை நூற்றாண்டாக அடைபட்டிருந்த வாயில் சிப்பாய்க்குத் திறந்தது அன்றுதான்.

அந்த முதல் அணியிற் பயின்றோர் 1934 டிசம்பரில் பயிற்சி முடித்து வெளியேறினர். அவர்களுள் மூவர் பிற்காலத்தில் மூன்று நாடுகளின் சேனைத் தலைவர்களாயினர். ஒருவர் சாம் மானெக்ஷா. போட்டித் தேர்வின் வழியே வந்த இவர், 1969 முதல் 1973 வரை இந்தியச் சேனைக்குத் தலைமை தாங்கிப் பீல்டு மார்ஷல் ஆனார். 2008-இல் நம் நீலகிரி வெலிங்டனில் காலமானார். இவரை நீங்கள் அனைவரும் அறிவீர்கள்.

மற்ற இருவரை அறிவீர்களா? ஒருவர் ஸ்மித் டன். பர்மாவின் கரேன் இனத்தவர். பர்மியப் பட்டாளத்தில் பணிபுரிந்து, அங்கிருந்து டேராடூனுக்கு வந்தவர். 1948-இல் பர்மா விடுதலை பெற்றபோது அதன் சேனைத் தலைவராக இருந்தவர் இவரே. கரேன் மக்களின் கிளர்ச்சி மூண்டதனால் 1949-இல் அப்பதவி அவரைவிட்டு நீங்கியது. உருவத்தில் மிகவும் குள்ளமான அவர், தம் நினைவுக் குறிப்புகளுக்கு 'நாலடிக் கர்னல்' என்று பொருள்படத் தலைப்பிட்டார். இன்னொருவர் முகமது மூஸா. குவெட்டாவைச் சேர்ந்த ஹஸாரா இனத்தவர். அடிமட்டத்தில் வீரராகச் சேர்ந்து, டேராடூனுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1958 முதல் 1966 வரை பாகிஸ்தான் சேனையின் தலைமைத் தளபதியாக விளங்கினார். 'ஜவானிலிருந்து ஜெனரல்' என்பதே அவருடைய தன்வரலாற்றின் பெயர்.

மாணவர்களே, இதனைச் சற்று எண்ணிப் பாருங்கள். முதல் அணியில் மூவர் சேனைத் தலைவராயினர்; அம்மூவருள் இருவர் சிப்பாய்களின் வரிசையிலிருந்து வந்தவர்! அந்தப் 15 இடங்கள் ஒதுக்கப்படாதிருந்தால் அவ்விருவரும் சுபேதாராகவே முதிர்ந்து, வரலாறு அறியாத பெயர்களாய் மறைந்திருப்பர். அவர்களுக்கு முந்திய ஐந்தாறு தலைமுறைகளில் அவ்வாறு மறைந்தோர் எத்தனை பேரோ! திறமை 1932-இல் புதிதாகப் பிறந்ததன்று. வழியே புதிதாகப் பிறந்தது.

இரண்டாம் உலகப்போர் எஞ்சிய தடைகளையும் அடித்துச் சென்றது. போரின் தொடக்கத்தில் ஏறத்தாழ இரண்டு இலட்சமாக இருந்த சேனை, முடிவில் 25 இலட்சமாகப் பெருகியது. சில நூறாக இருந்த இந்திய அதிகாரிகளின் தொகை எட்டாயிரத்தைக் கடந்தது. இத்தனை பேரைக் குலமும் பரிந்துரையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க இயலுமா? ஆகவே 1943-இல் புதிய தேர்வு வாரியங்கள் தோன்றின. விண்ணப்பித்தோரைப் பல நாட்கள் ஒன்றாகத் தங்கவைத்து, குழுவாக ஒரு வேலையைக் கொடுத்து, யார் முன்னின்று நடத்துகிறார், இடர் வந்தபோது யார் நிலைகுலையாது நிற்கிறார் என்று உற்றுநோக்கித் தேர்ந்தெடுக்கும் முறை அது. இன்றளவும் அம்முறையின் சாயலிலேயே அதிகாரிகள் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர்.

விடுதலைக்குப்பின், 1960-இல், அந்தப் பழைய நௌகாங்கிலேயே சேனை வீரர்களுக்கான கேடட் கல்லூரி தொடங்கப்பட்டது. பின்னர் அது புனேக்கு மாறி, 1977 முதல் டேராடூனில் நடந்துவருகிறது. பட்டாளத்தில் சேர்ந்து குறிப்பிட்ட காலம் பணிபுரிந்த, பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய இளைஞன், 27 வயதைக் கடப்பதற்குள் இதற்குத் தேர்வு எழுதலாம். தேர்வு வாரியமும் அவனைத் தகுதியுடையவன் எனக் கண்டால், மூன்றாண்டு கல்லூரிப் படிப்பு, பட்டம், பிறகு இராணுவக் கல்லூரியில் ஓராண்டுப் பயிற்சி. முடிவில் அவன் லெப்டினண்ட். சிப்பாயாக எவருக்கு வணக்கம் செலுத்தினானோ அவர்களோடு சமமாக அமர்கிறான்.

இனி, தொடக்கத்திற் கூறிய மாணவனிடம் வருகிறேன். மேனிலைப் படிப்பையும் முடித்துவிட்டே அவன் பட்டாளத்தில் சேர்ந்தான். பல ஆண்டுகள் கழித்து, நரை தோன்றிய ஹவில்தாராக என் வீட்டுக்கு வந்தான். பேச்சினிடையே, இந்தக் கேடட் கல்லூரியைப் பற்றித் தான் தெரிந்துகொண்டபோது தனக்கு 28 வயது முடிந்திருந்தது என்றான். "அதுவரை நான் யாரையும் கேட்கவேயில்லை, ஐயா. சுபேதார் வரைதான் என்று நீங்கள் சொல்லியிருந்தீர்களே" என்றான். அவன் குரலில் குறை இல்லை, சிரித்துக்கொண்டேதான் கூறினான். நான்தான் அவன் முகத்தை நேரே பார்க்க முடியாமல் தலைகுனிந்தேன்.

நிறத்தின் பெயரால் பேரரசு அடைத்த வாயிலை, நாட்டினர் பலரும் கூடி அரும்பாடுபட்டுத் திறந்தனர். திறந்த வாயிலை ஒரு மாணவனுக்கு மீண்டும் அடைப்பதற்கு, சரிவர அறியாத ஆசிரியன் ஒருவனின் அவசர விடையே போதுமானதாக இருந்தது. அவன் தேர்வில் வென்றிருப்பானா, தோற்றிருப்பானா என்பதை எவரும் கூற இயலாது. முயலும் வாய்ப்பு அவனுக்கு இருந்தது. அதை அறியும் வாய்ப்பை நான் அவனுக்கு அளிக்கவில்லை.

ஆதலால், நண்பர்களே, எந்தத் துறையிற் புகுந்தாலும் "இதுவரைதான்" என்று யாரேனும் கூறினால், அவர் உங்கள் மதிப்புக்குரிய ஆசிரியராகவே இருப்பினும், பணிவோடு இன்னொரு முறை கேளுங்கள். விதிகளைத் தேடிப் படியுங்கள். கடைநிலையில் சேர்வது இழிவன்று. மூஸாவும் டன்னும் ராபர்ட்ஸனும் அங்கிருந்தே தொடங்கினர். படிப்பை அங்கேயே நிறுத்திக்கொள்வதுதான் இழப்பு.

என் மாணவனுடைய மகள் இப்போது கல்லூரியில் பயில்கிறாள். சென்ற திங்களில் அவளும் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். உடனே விடை கூறவில்லை. "ஒரு நாள் பொறு, அம்மா, சரியாகத் தெரிந்துகொண்டு சொல்கிறேன்" என்றேன்.